பணி ஆணையும் பணிமூப்பும்: விமானி வேலையை முன்வைத்து ஒரு பாடம்

சென்ற கல்வியாண்டில் ஒரு சனிக்கிழமை பிற்பகல், எங்கள் பள்ளியில் படித்த பழைய மாணவர் ஒருவர் தம் தந்தையுடன் என்னைப் பார்க்க வந்தார். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்தவர். நிலத்தை விற்றும் வங்கிக் கடன் பெற்றும் விமானப் பயிற்சி முடித்தார். உரிமம் வாங்கிய பின் ஈராண்டுக்கு மேல் வேலை இல்லாமல் வீட்டில் இருந்தார். இப்போது ஒரு விமான நிறுவனத்திடமிருந்து பணி ஆணை வந்திருந்தது.

தந்தையின் முகத்தில் மகிழ்ச்சியைவிடக் கலக்கமே அதிகம் தெரிந்தது. "வேலை கிடைச்சிருச்சு சார். ஆனா பத்திரத்துல ஜாமீன் கையெழுத்து நான் போடணுமாம். எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு. ஒருக்கா படிச்சுப் பாத்துச் சொல்லுங்க சார்" என்றார். மகனோ, "கையெழுத்து எங்கே போடணும்னு மட்டும் பாருங்க சார், போதும். திங்கட்கிழமை அனுப்பணும்" என்றார்.

நான் பொருளியல் ஆசிரியர். பள்ளியில் உயர்கல்வி வழிகாட்டிப் பொறுப்பும் என்னிடம் உண்டு. இந்த மாணவருக்கு வழி சொன்னவனும் நான்தான். எந்தத் தேர்வு, எத்தனை மணி நேரம், எவ்வளவு செலவு என்பதையெல்லாம் அன்று சொல்லியிருந்தேன். வேலை கிடைக்கும் நாளில் எதில் கையெழுத்திட வேண்டியிருக்கும் என்பதை மட்டும் சொல்லவில்லை. எனக்கே அது தெரியாது. அன்று மாலை முழுவதும் மூவரும் அமர்ந்து அந்த ஆணையைப் படித்தோம். அதிலிருந்து உருவானதுதான் இந்தப் பாடம். மேல்நிலை வகுப்புகளில் இரண்டு பாடவேளைகளில் நடத்தினேன். சிறு மாற்றங்களுடன் ஒன்பது, பத்தாம் வகுப்புகளின் சமூக அறிவியலிலும் நடத்தலாம்.

வேலை வரை உள்ள பாதை

இதை விரைவாகவே சொல்லிவிடுகிறேன். வணிக விமானி உரிமம் பெற 18 வயது நிறைந்திருக்க வேண்டும். மேல்நிலையில் இயற்பியல், கணிதம் தேவை. வேறு பிரிவில் படித்தவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக இந்த இரு பாடங்களையும் எழுதித் தேறலாம். சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் நடத்தும் தேர்வுகளில் வான்வழிச் செலுத்துகை, வானிலையியல், விமானச் சட்டவிதிகள், தொழில்நுட்பம் ஆகியவை இடம்பெறும். வானொலித் தொடர்புக்கான சான்று தனி. 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். இந்த இயக்குநரகத்தைத்தான் எல்லாரும் டிஜிசிஏ என்கிறார்கள்.

இதில் ஆசிரியர்கள் வலியுறுத்த வேண்டியது ஒன்று உண்டு. பயிற்சி நிறுவனத்தில் பணம் கட்டுவதற்கு முன்பே முதல் வகுப்பு மருத்துவப் பரிசோதனையை முடித்துவிட வேண்டும். கண்ணாடி அணிவது பெரும்பாலும் தடையாகாது. ஆனால் நிறக்குருடு போன்ற குறைபாடு, பல இலட்சம் செலவழித்த பிறகு தெரியவந்தால் அந்தக் குடும்பம் என்ன செய்யும்?

உரிமம் வாங்கியதும் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நிறுவனத்தின் எழுத்துத் தேர்வு, மனப்பாங்குச் சோதனை, நேர்காணல், சிமுலேட்டர் எனப்படும் பாவனை விமானத்தில் ஓட்டிக் காட்டுதல் எனப் பல கட்டங்கள் உண்டு. ஏர்பஸ் 320, போயிங் 737 போன்ற குறிப்பிட்ட வகை விமானத்துக்கான தனிப் பயிற்சியும் வேண்டும். அதற்கும் பல இலட்சம் ஆகும். எல்லாம் முடிந்தபின் வலப்பக்க இருக்கையில் துணை விமானியாக அமர்வார்கள். தலைமை விமானியாவதற்குத் தேவையான உயர் உரிமத்துக்கு 1500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும்.

ஆணையில் இருந்த நான்கு சொற்கள்

எங்கள் மாணவரின் ஆணையில் நான்கு விஷயங்கள் திரும்பத் திரும்ப வந்தன. பிணையப் பத்திரம், தகுதிகாண் பருவம், முன்னறிவிப்புக் காலம், பணிமூப்பு. கடைசி மூன்றையும் ஆசிரியர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நாம் அவற்றோடுதான் வாழ்கிறோம். ஆனால் ஒரு விமானியின் வாழ்வில் அவற்றின் எடை வேறு.

பிணையப் பத்திரத்தின் சாரம் இதுதான்: நிறுவனம் பயிற்சிக்குச் செலவு செய்கிறது, அதனால் இத்தனை ஆண்டுகள் விலகக் கூடாது, விலகினால் இவ்வளவு தொகை. தந்தை ஜாமீன். மேல்நிலை வணிகவியலில் வரும் 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தை இங்கே கொண்டுவரலாம். அச்சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று ஒரு தொகை எழுதப்பட்டிருந்தாலும், நீதிமன்றம் அதற்கு மிகாமல் நியாயமான இழப்பீட்டையே வழங்கும். ஆகவே எழுதிய தொகை முழுவதும் அப்படியே வசூலாகிவிடும் என்பதில்லை. அதற்காகப் பத்திரம் வெறும் காகிதம் என்றும் மாணவர்கள் எண்ணிவிடக் கூடாது. வழக்கு நடத்தும் செலவும் அலைச்சலும் யாருக்குப் பாரம் என்ற கேள்வியை வகுப்பில் எழுப்பினேன். உடனே பதில் வந்தது.

முன்னறிவிப்புக் காலம் பெரும்பாலான வேலைகளில் ஒரு மாதம் முதல் மூன்று மாதம் வரை. விமானிகளுக்கு அரசு விதியே உண்டு. 2017 முதல் தலைமை விமானி ஓராண்டுக்கு முன்பும், துணை விமானி ஆறு மாதங்களுக்கு முன்பும் அறிவிக்க வேண்டும். விமானிகள் திடீரென விலகினால் விமானங்கள் இரத்தாகிப் பயணிகள் அவதிப்படுகிறார்கள் என்பது அரசு சொன்ன காரணம். தொழிலாளியின் விருப்பத்தை இது கட்டிப்போடுகிறது என்பது விமானிகளின் வாதம். இரு பக்கமும் பேச வாய்ப்புள்ள தலைப்பு இது. பட்டிமன்றமாகவே நடத்தலாம்.

பணிமூப்பு: ஒரு வகுப்பறைச் செயல்பாடு

விமானத் துறையில், குறிப்பாக அமெரிக்காவில், ஒரு விமானியின் வாழ்க்கையைத் தீர்மானிப்பது அவருடைய பணிமூப்பு எண். எந்த ஊரில் தங்கிப் பணிபுரிவது, எந்த விமானத்தை ஓட்டுவது, பண்டிகை நாளில் விடுப்பு யாருக்கு, தலைமை விமானி பதவி எப்போது, ஆட்குறைப்பு வந்தால் முதலில் வெளியேறுவது யார் ஆகிய அனைத்துக்கும் அந்த எண்ணே விடை. திறமை கூடினாலும் எண் மாறாது. இந்தியாவில் இது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். அவ்வளவு கண்டிப்பும் இல்லை. ஆனாலும் பதவி உயர்வு வரிசையில் பணிமூப்புக்கு இடமுண்டு.

வகுப்பில் 20 மாணவர்களுக்கு 1 முதல் 20 வரை சீட்டுகள் கொடுத்தேன். கரும்பலகையில் சென்னை 6, தில்லி 8, குவாகாத்தி 6 எனப் பணியிடங்களை எழுதினேன். எண் வரிசைப்படி எழுந்து வந்து தேர்ந்தெடுத்தார்கள். நம் பணியிட மாறுதல் கலந்தாய்வு மாதிரியேதான். ஏழாம் எண்ணுக்குச் சென்னை தீர்ந்தது. அடுத்து, தீபாவளி விடுப்பு நால்வருக்கு மட்டும் என்றேன். முதல் நால்வர் சிரித்தார்கள். மூன்றாவதாக, எரிபொருள் விலை ஏறியதால் ஐந்து பேர் குறைப்பு என்றேன். 16 முதல் 20 வரையுள்ளவர்கள் எழுந்து நின்றார்கள்.

கடைசிச் சுற்றுதான் முக்கியமானது. இரண்டாம் எண் மாணவியிடம், "உன் நிறுவனம் மூடப்பட்டுவிட்டது, பக்கத்து வகுப்பு நிறுவனத்தில் சேர்" என்று சொல்லி அடுத்த வகுப்புக்கு அனுப்பினேன். அங்கே அவருக்குக் கிடைத்தது 31-ஆம் எண். "நான் இத்தனை வருஷம் ஓட்டினது என்ன ஆச்சு சார்?" என்று கேட்டார். இது கற்பனையல்ல. கிங்ஃபிஷர் நிறுவனம் 2012 அக்டோபரிலும், ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-லும் பறப்பதை நிறுத்தின. சம்பள பாக்கியோடு நின்ற விமானிகள் வேறு நிறுவனங்களில் புதியவர்களாகச் சேர வேண்டியிருந்தது.

நடுவில் ஒரு மாணவன் கேட்டான்: "இருபது பேரும் ஒரே நாளில் சேர்ந்தால் யார் ஒன்று, யார் இருபது?" நான் விடை சொல்லவில்லை, வகுப்பையே கேட்டேன். மதிப்பெண் என்றார்கள் சிலர். அகர வரிசை என்றார்கள் 'அ'வில் பெயர் தொடங்கியவர்கள். குலுக்கல் என்றது கடைசி வரிசை. அமெரிக்காவில் சில நிறுவனங்கள் ஒரே அணியில் சேர்பவர்களை வயதில் மூத்தவர் முதலாக வரிசைப்படுத்துகின்றன. வயதில் மூத்தவர் முன்னதாக ஓய்வு பெற்றுவிடுவார், இளையவருக்கு முன்னே வர நாள் இருக்கிறது என்பது அதற்குச் சொல்லும் நியாயம். எது நியாயம் என்பதைவிட, விதியை யார் எழுதுகிறார்கள் என்ற இடத்துக்கு வகுப்பு தானாகவே வந்து சேர்ந்தது. சங்கத்தைப் பற்றிப் பேச அதுதான் சரியான தருணம்.

570 பேரின் கதை

அமெரிக்காவில் விமானிகள் சங்கம் 1931-இல் சிகாகோவில் தொடங்கப்பட்டது. இரயில்வேத் தொழிலாளர்களுக்காக 1926-இல் இயற்றப்பட்ட சட்டம் 1936-இல் விமானத் துறைக்கும் நீட்டிக்கப்பட்டது. அதனால்தான் இன்றும் அமெரிக்க விமானிகளின் தொழில் தகராறுகள் 'இரயில்வே தொழிலாளர் சட்டம்' என்ற பெயரில் நடக்கின்றன. மாணவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும்.

1978-இல் அங்கே விமானக் கட்டணங்கள், வழித்தடங்கள் மீதான அரசுக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. போட்டி பெருகியது. செலவைக் குறைக்க நிறுவனங்கள் கண்டுபிடித்த வழிகளுள் ஒன்று இரட்டை ஊதிய அட்டவணை. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1983-இல் இதைக் கொண்டுவந்தது. ஏற்கெனவே இருப்பவர்களுக்குப் பழைய ஊதியம், இனிச் சேர்பவர்களுக்குக் குறைந்த ஊதியம். ஒரே அறையில், ஒரே விமானத்தில், ஒரே வேலை, இரண்டு சம்பளம். ஒரு தேதிக்கு முன் சேர்ந்தவர், பின் சேர்ந்தவர் என்ற வேறுபாடு எப்படியிருக்கும் என்பதை ஆசிரியர் ஓய்வறையில் அமர்ந்திருக்கும் நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

1985-இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் நிறுவனமும் இதையே கேட்டது. அப்போது அதன் தலைவர் ரிச்சர்ட் ஃபெரிஸ். இதன் நுட்பத்தை மாணவர்கள் கவனிக்க வேண்டும். இருக்கும் விமானிகளுக்கு இதனால் உடனடி இழப்பு இல்லை. குறையப் போவது இன்னும் சேராதவர்களின் ஊதியம். அவர்கள் சங்கத்தில் உறுப்பினர்களும் இல்லை, பேச்சுவார்த்தை மேசையில் அவர்களுக்கு நாற்காலியும் இல்லை. "இல்லாதவனிடமிருந்து எடுத்தால் யார் கேட்பார்கள்?" என்பதே அந்தத் திட்டத்தின் பலம். ஆனால் காலப்போக்கில் குறைந்த ஊதியக்காரர்கள் பெருகுவார்கள், பிறகு உயர்ந்த ஊதியம் யாருக்கும் நிலைக்காது என்று சங்கம் கணக்கிட்டது. எனவே இது வெறும் தியாகமல்ல, தற்காப்பும்கூட. மே 17 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. நிறுவனத்தில் ஏறத்தாழ 5000 விமானிகள். மிகப் பெரும்பாலோர் பணிக்குச் செல்லவில்லை.

இப்போது 570 பேர். வேலைநிறுத்தத்துக்கு முந்தைய மாதங்களில் நிறுவனம் இவர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி அளித்திருந்தது. முறையான பணியமர்த்தல் பின்னர் என்ற நிலை. அதாவது நம் மாணவரைப் போல, ஆணை கைக்கு எட்டிய தூரத்தில் இருந்தவர்கள். வேலைநிறுத்தம் தொடங்கும்போது, வந்து பணியில் சேருங்கள் என்று நிறுவனம் அவர்களை அழைத்தது. சேர்ந்தால் கனவு வேலை அன்றே கையில். சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. சங்கம் அவர்களைக் காக்குமா? அவர்கள் இன்னும் சங்கத்திலேயே இல்லை.

ஒரு சிலரைத் தவிர, அந்த 570 பேரும் பணிக்குச் செல்லவில்லை.

வேலைநிறுத்தம் 29 நாட்கள் நீடித்தது. ஊதியச் சிக்கல் தொடக்க நாட்களிலேயே ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. புதியவர்களுக்குக் குறைந்த ஊதியம் என்பதைச் சங்கம் ஒரு கால வரம்புக்குள் ஒப்புக்கொண்டது. பிறகும் போராட்டம் நீண்டதற்குக் காரணம், பணிக்குத் திரும்பும் நிபந்தனைகள். அவற்றுள் முக்கியமானது இந்த 570 பேரின் கதி. நிறுவனம் அவர்களை ஏற்க மறுத்தது. அவர்கள் எங்கள் ஊழியர்களே அல்லர், ஆகவே தொழிலாளர் சட்டத்தின் பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை என்று வாதிட்டது. வழக்கு நீதிமன்றம் சென்றது. வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாக நின்றதற்காக அவர்களுக்கு வேலை மறுத்தது சட்டமீறல் என்று கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1986-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

பாடத்தின் இந்த இடத்தில் மாணவர்களை எழுதச் சொன்னேன்: "நீங்கள் 571-ஆவது நபர். மே 16 இரவு. உங்கள் வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்." பதினைந்து நிமிடம். பெரும்பாலோர் போக மாட்டேன் என்று எழுதியிருந்தார்கள். ஒரு மாணவன் மட்டும், "எங்கப்பா எனக்காக வட்டிக்கு வாங்கியிருக்கார். நான் போவேன். போனதுக்கு அப்புறம் யாரும் என்கூடப் பேச மாட்டாங்கன்னு தெரியும். இருந்தாலும் போவேன்" என்று எழுதி, அதை எழுந்து நின்று படித்தான். வகுப்பு அமைதியானது. நான் திருத்தவில்லை, தீர்ப்பும் சொல்லவில்லை. இந்தச் செயல்பாட்டுக்குச் சரி, தவறு எனக் குறியிட வேண்டாம் என்று சக ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். சொன்ன காரணத்துக்கு மட்டும் மதிப்பெண் தாருங்கள்.

நம் நாட்டில்

தொழிற்சங்க உரிமை வெளியிலிருந்து வந்த கதை என்று மாணவர்கள் எண்ண வாய்ப்புண்டு. 1918-இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியதைப் பாடநூலில் படித்திருப்பார்கள். அச்சங்கத்தின் தலைவர் பி.பி. வாடியா மீது ஆலை நிர்வாகம் வழக்குத் தொடுத்ததையும், சென்னை உயர்நீதிமன்றம் தடையாணை வழங்கியதையும், சங்கம் நடத்துவோருக்குச் சட்டப் பாதுகாப்பே இல்லை என்பது அதனால் வெளிப்பட்டு 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் பிறந்ததையும் இணைத்துச் சொல்லுங்கள். சங்கம் அமைக்கும் உரிமை அரசமைப்பின் 19-ஆம் உறுப்பில் இருக்கிறது.

விமானத் துறையிலிருந்து இரண்டு நிகழ்வுகள். 2009-இல் ஜெட் ஏர்வேஸ் விமானிகள் ஒரு சங்கம் பதிவு செய்தார்கள். அதை ஒட்டி இரு மூத்த விமானிகள் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். செப்டம்பரில் நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் உடல்நலமில்லை என்று விடுப்பு எடுத்தார்கள். ஐந்து நாட்கள் விமானங்கள் பெருமளவில் இரத்தாயின. நீக்கப்பட்டவர்கள் திரும்ப எடுக்கப்பட்டதும் அது முடிந்தது.

இரண்டாவது, 2012-இல் ஏர் இந்தியாவில் 58 நாட்கள் நடந்த வேலைநிறுத்தம். 2007-இல் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் இணைக்கப்பட்டன. புதிதாக வரவிருந்த போயிங் 787 விமானத்தில் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகளுக்கும் பயிற்சி தரக் கூடாது என்பது பழைய ஏர் இந்தியா விமானிகள் சங்கத்தின் கோரிக்கை. எதிரில் நிர்வாகம் மட்டுமல்ல, சக விமானிகளும் நின்றார்கள். சங்கத்தின் அங்கீகாரம் நீக்கப்பட்டது, பலர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். 1985-இல் தன்னிடம் இல்லாதவருக்காக ஒரு சங்கம் நின்றது, 2012-இல் தன் வரிசைக்குள் பிறர் வருவதை ஒரு சங்கம் தடுத்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பேசினால்தான் பாடம் நேர்மையாக இருக்கும். எங்கள் வகுப்பில் இந்த விவாதம் மணியடித்த பிறகும் நின்றபாடில்லை.

மதிப்பீடு

மாதிரிப் பணி ஆணை ஒன்றை எளிய தமிழில் ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன். ஊதியம், பிணையத் தொகை, தகுதிகாண் பருவம், முன்னறிவிப்பு, பணிமூப்பு ஆகிய ஐந்தும் அதில் இருந்தன. சிலவற்றை வேண்டுமென்றே தெளிவில்லாமல் விட்டேன். மாணவர்கள் செய்ய வேண்டியது, கையெழுத்திடும் முன் நிறுவனத்திடம் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதுவது. விமானி வேலைக்குப் பதில் செவிலியர், துணிக்கடை விற்பனையாளர், தகவல் தொழில்நுட்பப் பணியாளர் என்று மாற்றியும் கொடுக்கலாம்.

அவர்கள் எழுதியவற்றில் சில: "நிறுவனமே என்னை நீக்கினாலும் பிணையத் தொகை கட்ட வேண்டுமா?" "தகுதிகாண் பருவத்தில் நீக்கினால் காரணம் எழுத்தில் தருவீர்களா?" "பணிமூப்பு பயிற்சியில் சேரும் நாளிலிருந்தா, முடித்த நாளிலிருந்தா?" "நிறுவனம் மூடப்பட்டால் அசல் சான்றிதழ்கள் எப்போது கிடைக்கும்?" "சங்கம் இருக்கிறதா? தகுதிகாண் பருவத்திலேயே சேரலாமா?"

இவற்றுள் முதல் மூன்றையும் எங்கள் பழைய மாணவருக்கு அன்றே எழுதிக் கொடுத்திருந்தேன், சொற்கள் சற்று வேறாக. அவர் மின்னஞ்சலில் நிறுவனத்துக்குக் கேட்டார். பயிற்சியில் சேர்ந்த நாளிலிருந்து பணிமூப்பு என்று ஒன்றுக்கு மட்டும் பதில் வந்தது. மற்ற இரண்டுக்கும், வழக்கமான விதிமுறைகள் பொருந்தும் என்ற ஒரு வரி. திங்கட்கிழமை தந்தையும் மகனும் கையெழுத்திட்டு அனுப்பினார்கள். அனுப்பும் முன் எல்லாப் பக்கங்களையும் நகலெடுத்து, அந்த மின்னஞ்சலின் அச்சுப் பிரதியையும் சேர்த்து ஒரு கோப்பில் போட்டு வீட்டு அலமாரியில் வைத்திருக்கிறார் தந்தை.